மெத்தையை மாற்றவா, டாப்பர் போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் கட்டில் 78க்கு 72 அங்குலம். ஐந்து அங்குலக் காயர் (தேங்காய் நார்) மெத்தை, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. என் எடை 52 கிலோ, ஒருக்களித்துத்தான் படுப்பேன். காலையில் தோளும் இடுப்பும் வலிக்கின்றன. கணவர் 88 கிலோ, மல்லாந்து படுப்பவர். அவருக்கு இதே மெத்தைதான் வேண்டுமாம். சென்னையில் இருக்கிறோம், படுக்கையறையில் ஏசி கிடையாது. மெத்தைமேல் விரிக்கும் மெல்லிய மெத்தையான டாப்பர் வாங்கலாமா?

பதில்: முதலில் மெத்தை குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, நீங்கள் படுக்கும் இடத்துக்கு நேராக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் மெத்தைக்கும் இடையே அளவுகோலை வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் டாப்பர் வீண்செலவு. டாப்பர் வளையும் பொருள். அடியில் பள்ளம் இருந்தால் அதுவும் பள்ளத்தோடு சேர்ந்து இறங்கும். நான்கே வருடக் காயர் என்பதால், அடிக்கடி புரட்டிப் போட்டிருந்தால் குழியாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

குழியவில்லை என்றால் உங்கள் வலிக்குக் காரணம் மேற்பரப்பின் கடினம். ஒருக்களித்துப் படுக்கும்போது உடல் பாரம் தோளிலும் இடுப்பெலும்பிலும் வந்து குவிகிறது. அவை இரண்டும் கொஞ்சம் அமிழ்ந்தால்தான் இடுப்பு வளைவுக்கும் கீழே தாங்கல் கிடைக்கும். எடை குறைந்தவர் கெட்டியான மெத்தையில் அமிழவே மாட்டார். அதே மெத்தையில் 88 கிலோ தானாகவே அமிழ்கிறது. நீங்கள் இருவரும் சொல்வது சரிதான்.

கட்டில் முழுவதுக்கும் மூன்று அங்குல மெதுவான டாப்பர் போட்டால் கணவரின் இடுப்பு தொட்டில்போல இறங்கி அவருக்கு முதுகுவலி வரலாம். எனவே 78க்கு 36 அளவில் இரண்டு டாப்பர் வாங்குங்கள்: இரண்டும் இரண்டு அங்குல உயரம், உங்கள் பக்கம் மெது, அவர் பக்கம் கெட்டி. உயரம் மாறினால் நடுவில் படி வந்துவிடும். இரண்டையும் ஒரே உறைக்குள் போடுங்கள், மூலைகளில் எலாஸ்டிக் பட்டை அவசியம். இல்லாவிட்டால் தினமும் காலையில் இழுத்து நேராக்குவதே வேலை.

ஏசி இல்லாததால் மெமரி போமைவிட லேடெக்ஸ் (ரப்பர் போம்) உங்களுக்குப் பொருந்தும். மெமரி போம் உடல் சூட்டில் இளகி உடம்பைச் சுற்றி அணைப்பதால் புழுங்கும். ஏசி போட்ட ஷோரூமில் சற்று விறைப்பாக, இதமாகத் தோன்றியது மே மாதம் வீட்டில் கொழகொழவென்று ஆவதற்கும் இதுதான் காரணம். லேடெக்ஸில் ஊசித்துளைகள் இருப்பதால் காற்று கொஞ்சம் போய்வரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். விரிப்பின் பை ஆழம் (மெத்தையின் பக்கவாட்டை மூடும் உயரம்) இப்போது ஏழு அங்குலத்தைத் தாண்ட வேண்டும், ஒன்பது அங்குலமாகப் பாருங்கள். தலையணையையும் மாற்ற வேண்டிவரலாம்: தோள் அமிழ்ந்ததும் காதுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, பழைய உயரத் தலையணை கழுத்தை மேலே தள்ளும். புது டாப்பரால் கழுத்துவலி என்று வருந்துபவர்கள் முதலில் தலையணையைத்தான் சோதிக்க வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் “40 டென்சிட்டி, ஆர்த்தோ, கெட்டியாக இருக்கும், முதுகுவலிக்கு நல்லது” என்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரே வாக்கியத்தில் மூன்று வேறு சங்கதிகளைக் கலந்துவிட்டார்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் போம் எத்தனை கிலோ என்பது, அவ்வளவுதான். அது உழைப்பைச் சொல்லும், கெட்டியைச் சொல்லாது. 40 டென்சிட்டியில் மெதுவான போமும் உண்டு, 28-இல் கல்போன்றதும் உண்டு. எண் உண்மையா என்பதை எடைபோட்டே கண்டுபிடிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர். 72 x 36 x 6 மெத்தைக்கு 0.255 வரும். 40 டென்சிட்டி என்றால் போம் மட்டும் சுமார் 10.2 கிலோ இருக்க வேண்டும், உறை தனி. ஏழு கிலோ காட்டினால் எண் பொய். ஆனால் இந்தக் கணக்கு ஒரே போமால் ஆன மெத்தைக்குத்தான். பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் அடுக்கு உள்ளே இருந்தால் எடை எகிறும். ஜிப்பைத் திறந்து பாருங்கள். “லேடெக்ஸ் மெத்தை” என்று விற்பதில் மேலே ஓர் அங்குலம் மட்டும் லேடெக்ஸ் இருப்பதும் அப்போது தெரியும்.

ஆர்த்தோ என்பது விற்பனைப் பெயர், மருத்துவச் சான்று அல்ல. கெட்டிதான் முதுகுக்கு நல்லது என்பதும் பழைய நம்பிக்கை. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரிடம் நடத்தி 2003-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே வலியைக் கூடுதலாகக் குறைத்தது.

கடையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் பத்து நிமிடமாவது படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவின் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி, நுழையவே திணறினால் மெது, லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள், பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்கு மட்டும் கெட்டி மெத்தையும் மிக மெல்லிய தலையணையும்.

கேள்வி: பத்து வருட வாரன்டி மெத்தை மூன்றே வருடத்தில் குழிந்துவிட்டது. “கறை இருக்கிறது, வாரன்டி இல்லை” என்கிறார்கள்.

பதில்: கறை விதி பல நிறுவனங்களின் வாரன்டி அட்டையில் உண்டு. அதனால்தான் முதல் நாளே நீர் புகாத உறை போடச் சொல்கிறோம். ஆனாலும் விட்டுவிட வேண்டாம். அட்டையில் எத்தனை மில்லிமீட்டர் குழிவு வரை வாரன்டி கிடையாது என்று இருக்கும். ஆள் இல்லாத மெத்தையில் நூல் கட்டி, அளவுகோலோடு படம் எடுங்கள். கட்டிலையும் படம் எடுங்கள், பலகை இடைவெளி அதிகம் என்பது அடுத்த சாக்காக வரும். பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இலவம்பஞ்சு மெத்தைதான் வேண்டுமாம். கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தைப்பதற்கு முன்பே பஞ்சைப் பாருங்கள். தைத்த மெத்தையில் ஒன்றும் தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே திரித்தால் பருத்திக் கழிவு நூலாகச் சேரும். இலவம் வழவழப்பானது, திரியாமல் நழுவும். தண்ணீரில் அமுக்கி விட்டாலும் இலவம் மேலே வந்துவிடும், கழிவுப் பஞ்சு ஊறித் தாழும். மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க வேண்டிவரும். லேடெக்ஸை மட்டும் அப்படி வெயிலில் போட்டுவிடாதீர்கள், பொடிந்துபோகும்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்தால் இலவம் வேண்டாம். படுக்கைப்புண்ணைத் தவிர்க்க, காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட்டை மருத்துவ உபகரணக் கடைகளில் வாடகைக்கே தருகிறார்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்கு டாப்பர் போடலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது வரை சமமான, கெட்டியான மெத்தை, இறுக்கமான விரிப்பு மட்டும். மெதுவான பரப்பில் குழந்தை புரண்டு முகம் புதைந்தால் மூச்சடைக்கும். அதே காரணத்தால் தலையணையும் வேண்டாம்.