ஷிம்லாவில் வீல்சேரோடு சாப்பிட இடமா? முதலில் பாத்ரூமைத் தேடுங்கள்

"டெல்லியிலிருந்து அப்பாவை ஷிம்லா அழைத்துப் போகிறோம். வீல்சேரில் இருக்கிறார். வெளியே போய்ச் சாப்பிட, உட்கார்ந்து ஏதாவது குடிக்க வசதியான இடங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னால் பதில் எழுதியவர்கள் ஹோட்டல் பெயர்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மலை தெரியும், பனி தெரியும், பர்கர் பிரமாதம், எல்லாம் சரி. வாசலில் எத்தனை படி என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. அதனால்தான் ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. என் அக்காவுக்கு அந்த நாலு எட்டும் கிடையாது. ஒன்றரை வயதில் போலியோ. ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்து, காலைத் தாங்கும் காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் படித்து, பேங்க் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள். ஊன்றுகோலை ஊன்றி ஊன்றித் தோள்பட்டை தேய்ந்துபோய், ஏழு வருஷமாக வீல்சேர். ரிட்டயர் ஆனதும், "ஷிம்லாவில் வெயிலில் உட்கார்ந்து டீ குடிக்கணும்டா" என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

"இந்த நிலைமையில் மலைக்கு எதற்கு?" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள். அதைச் சொந்தக்காரர்களிடம் வேண்டிய அளவு கேட்டாயிற்று.

போவதற்கு முன் ஒரு ஹோட்டலுக்குப் போன் செய்து, வீல்சேர் வசதி உண்டா என்று ஹிந்தியில் கேட்டேன். "ஹாஞ்சி சார், பில்குல்" என்றார்கள். போய்ப் பார்த்தால், ரிசப்ஷனில் ஒரு வீல்சேர் வைத்திருக்கிறார்கள். அதுதான் வசதி. அந்த ரிசப்ஷனுக்கே ஐந்து படி. அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்வி தப்பு. வாசலில் எத்தனை படி, ரூம் எந்த மாடியில், பாத்ரூம் கதவு திறந்திருக்கும்போது இடைவெளி எத்தனை அங்குலம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, டேப் வைத்து அளந்து வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அலுத்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். கல்காவிலிருந்து போகும் குட்டி ரயில் 1903இல் வந்தது, தண்டவாள அகலமே இரண்டரை அடி. பெட்டி எவ்வளவு அகலம் இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அக்காவுக்குச் சரிப்படாது என்று காரில் போனோம்.

ஷிம்லாவின் முக்கியக் கடைத்தெருவான மால் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள். கீழே கார்ட் ரோட்டில் இறங்கி, சுற்றுலாக் கழகத்தின் லிஃப்டில் ஏற வேண்டும். அது ஒரே லிஃப்ட் இல்லை. ஒன்றில் ஏறி, ஒரு நடைபாதையைக் கடந்து, இன்னொன்றில் ஏறினால் மால் ரோடு. கூட்ட நாளில் க்யூ நீளும், காலையிலேயே போய்விடுங்கள். மேலே போய்விட்டால் மால் ரோடு தள்ளக்கூடிய ரோடுதான். ஏற்ற இறக்கம் உண்டு, இறக்கத்தில் தள்ளுகிறவருக்குக் கை வலிக்கும். ரிட்ஜ் என்ற திறந்தவெளிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்ல அகலமான சமதளம். கிறைஸ்ட் சர்ச் எதிரே வெயில் அப்படியே மேலே விழும். அக்கா அங்கே போனதும் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பேசவே இல்லை.

நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து, "வெந்நீர் குடிக்கா" என்றேன். வேண்டாம் என்றாள். டீ? வேண்டாம். ஆப்பிள் ஜூஸ்? ஹிமாச்சலுக்கு வந்துவிட்டு ஆப்பிள் ஜூஸ் குடிக்காமலா? அதுவும் வேண்டாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீதானே டீ குடிக்கணும் என்று சொன்னாய் என்று கத்திவிட்டேன். என் மனைவிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்: காலையிலிருந்து அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஹோட்டல் பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையவில்லை. அதனால் வெளியே கிளம்பும் நாளெல்லாம் வாயைக் கட்டிவிடுவாள். இன்று நேற்று இல்லை, பேங்க் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே வளர்ந்த தம்பிக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரிட்ஜுக்கு அடியில் பிரிட்டிஷ் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, ஊருக்கே அதிலிருந்துதான் தண்ணீர் போகிறது என்று எங்கள் டிரைவர் சொன்னார். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இவள் உதட்டை நனைக்கவும் மாட்டேன் என்கிறாள்.

மதியம் மால் ரோட்டில் ஓர் உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், வம்பு. வாசலில் இரண்டே படி. "தூக்கிடலாம் ஜி, நோ ப்ராப்ளம்" என்று நாலு பையன்கள் பாய்ந்து வந்தார்கள். நல்ல மனசுதான், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டான். வீல்சேரில் கை வைக்கும் அந்தப் பக்கப் பிடி பல மாடல்களில் கழற்றக்கூடியது. சட்டென்று கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அவ்வளவு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆர்டரே கொடுக்காமல் வெளியே வந்துவிட்டோம்.

தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், நாற்காலியை முதுகுப் பக்கமாகத் திருப்புங்கள். பின்னால் ஒருவர் தள்ளும் பிடியைப் பிடித்துப் பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக இழுக்கட்டும், முன்னால் ஒருவர் கீழ்ச் சட்டத்தைப் பிடிக்கட்டும். கழலும் எதையும் தொட வேண்டாம், சக்கரத்தையும் பிடிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் "தூக்கலாமா?" என்று கேளுங்கள்.

ஒரு சாய்தளம் போட்டால் என்ன என்று எனக்கும் அன்று ஆத்திரம் வந்தது. டெல்லி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசு வழிகாட்டி சொல்லும் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். இரண்டு படி, படிக்கு ஏழு அங்குலம் என்றால் பதினான்கு அங்குல உயரம், அதற்குப் பதினான்கு அடி நீளம் வேண்டும். ரோட்டை ஒட்டி நிற்கும் பழைய கடைக்காரர் பதினான்கு அடிக்கு எங்கே போவார்? மலைச் சரிவில், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, அந்தக் காலத்தில் தரையை உயர்த்திக் கட்டியது. அதனால் அவரை நான் திட்டத் தயாரில்லை. ஆனால் போன வருஷம் கட்டிய கட்டடத்துக்கு என்ன சாக்கு? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் சொல்லியாயிற்று. இங்கே டெல்லியில் பல கடை வாசலில் சாய்தளம் என்று ஒன்று இருக்கும், சறுக்குமரம் மாதிரி. அது ஸ்கூட்டர் ஏற்றுவதற்கு.

டெல்லி என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். நான் இருப்பது மயூர் விஹாரில், டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எல்லோரும் பணம் போட்டு வெளிப்பக்கம் லிஃப்ட் வைக்கலாம் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். தரைத்தள வீட்டுக்காரர் வெளிச்சம் மறையும் என்று கையெழுத்துப் போட மறுக்கிறார். அவருடைய வெளிச்சத்தில் அவரே கட்டிக்கொண்ட இரும்புக் கூண்டு எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. விளைவு, என் சொந்த அக்கா என் வீட்டுக்குள் வந்து நாலு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு லேகியமும் பஜ்ஜியும் கீழே எடுத்துப்போய், பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சரி, விடுங்கள்.

ஷிம்லாவுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் ஹோட்டல் மேனேஜரிடம் போய்ச் சண்டை போடுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டேப் எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்தார். நாற்காலி அகலம் இருபத்தைந்து அங்குலம். கதவு திறந்திருக்கும்போது இடைவெளி இருபத்து நாலரை. அரை அங்குலம்! ஒரு தச்சரை அழைத்துக் கதவையே கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். கதவின் தடிமன் போனதும் இருபத்தாறு கிடைத்தது. வாசலில் ஒரு பழைய திரையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பத்து நிமிஷ வேலை.

மறுநாள் காலை இடம் தேடும்போது நானும் கொஞ்சம் தேறிவிட்டேன். உயரமான ஸ்டூல் போட்ட கஃபேக்களையும் பீர் கடைகளையும் வாசலிலேயே தள்ளிவிட்டேன். அந்த மேசை வீல்சேரில் இருப்பவருக்கு மூக்கு மட்டத்துக்கு வரும், கிளாஸை அண்ணாந்து பார்க்கலாம். (உங்கள் அப்பா ஒரு பீர் சொன்னால் நான் குறுக்கே வர மாட்டேன், கமெண்டில் யாரும் உபதேசம் செய்ய வேண்டாம்.) நடுவில் ஒற்றைக் கால் வைத்த மேசையும் பார்க்க அழகு, ஆனால் கால் மிதி அடித்தட்டில் இடிக்கும். நாலு மூலையில் கால் உள்ள சாதாரண மேசைதான் நல்லது.

கடைசியில் கிடைத்தது, எங்கள் ஹோட்டலிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் வரும் ஒரு சின்ன டீக்கடை. ஒரே ஒரு படி. கடைக்காரர் எங்களைப் பார்த்தார், எதுவும் பேசாமல் பெஞ்சை நகர்த்தினார், உள்ளே போய்ச் சரக்குப் பெட்டி இறக்கும் பலகையைக் கொண்டுவந்து படிமேல் சாய்த்து, அது நகராமல் இருக்க ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டார். நான் தள்ளினேன், ஏறிவிட்டது. சித்து என்று ஒரு பண்டம், கோதுமை மாவில் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தது, சுடச்சுட நெய் ஊற்றிக் கொடுத்தார். கொழுக்கட்டைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. அக்கா டீயை முழுக் கிளாஸும் குடித்துவிட்டு, டம்ளரை என் பக்கம் நீட்டி, "இன்னொண்ணு சொல்லுடா" என்றாள்.

ஆகவே கடைப் பெயர் கேட்காதீர்கள், அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகையே இல்லை. தங்கும் ரூமின் பாத்ரூமை முதலில் உறுதி செய்யுங்கள், சாப்பாட்டுக் கடையை அதற்குப் பக்கத்தில் தேடுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தை இன்றைக்கே அளந்து வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து விளிம்புவரை.

பதிவிடும் முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டைக் காலர் விஷயத்தை எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை. டீ இரண்டு இல்லையாம், மூன்றாம்.