பாட்டை எடுத்துக் கொடுத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பாப் டிலனைக் கேட்டு வளர்ந்தவன். அவர் எதிர்ப்புப் பாடல்களை விட்டு விலகியதோடு அமெரிக்காவில் அந்த மரபே முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. உண்மையில் பாட்டால் எதுவும் மாறியிருக்கிறதா? இவற்றை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ச.

அன்புள்ள ச.,

டிலனை விடுங்கள், அவருக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ‘மரபே முடிந்துவிட்டது’ என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர் விலகியதும் முடிந்துபோக, அதை அவரா தொடங்கினார்?

கொஞ்ச காலமாகவே லூசில் சிம்மன்ஸ் என்ற பெண்மணி என் மனதில் இருக்கிறார். 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்லஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் முழுக்க ஆலை வாசலில் மறியல். அன்றைய மறியல் முடியும் நேரத்தில் லூசில் ஒரு தேவாலயப் பாட்டை எடுப்பார். இழுத்து இழுத்து, அவ்வளவு மெதுவாக. மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ‘வீ ஷேல் ஓவர்கம்’ (நாம் வெல்வோம்) என்று, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலும் பின்னால் உலகமெங்கும் பாடியது அதைத்தான்.

அந்தப் பெண்களில் சிலர் டென்னசியில் தொழிலாளர்களுக்கும் போராளிகளுக்கும் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளிக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே இசை சொல்லிக்கொடுத்த ஸில்ஃபியா ஹார்ட்டன் கற்றார், அவரிடமிருந்து நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலே நகரில் கூடிய உரிமைப் போராட்ட மாணவர்களுக்கு கை கேரவன் என்ற பாடகர் சொல்லிக்கொடுத்தார். பிறகு காப்புரிமை பதிவானது: ஹார்ட்டன், சீகர், கேரவன், ஃபிராங்க் ஹாமில்டன். நால்வரும் வெள்ளையர்கள். வந்த பணத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, தென்மாநிலக் கறுப்பின மக்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். அதை மதிக்கிறேன். ஆனாலும் லூசிலின் பெயர் அதில் இல்லையே! 2018இல்தான் காப்புரிமை நீங்கி அந்தப் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது. மேடையில் நின்றவரைத்தான் நமக்குத் தெரிகிறது. மறியலில் பாட்டை எடுத்துக் கொடுத்தவரைத் தேடிப்போக நமக்குப் பொறுமை இல்லை. உங்கள் கடிதத்திலும் ஒரே ஒரு பெயர்தானே இருக்கிறது?

எதுவும் மாறியதா என்கிறீர்கள். 1959இல் ஹைலேண்டரில் போலீஸ் ரெய்டு நடந்தது. விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் துப்பாக்கிகளோடு ஆட்கள். அலபாமாவின் மான்ட்கமரியிலிருந்து வந்திருந்த ஜமைலா ஜோன்ஸுக்கு அப்போது பதினான்கு வயது. அவள் இதே பாட்டில் ‘எங்களுக்குப் பயமில்லை’ என்று ஒரு புதிய அடியைப் பாட, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். இவ்வளவு சத்தமாகப் பாடித்தான் ஆகவேண்டுமா என்று அவளிடம் கேட்ட போலீஸ்காரரின் கை நடுங்கியதாம். பின்னாளில் ஜமைலாவே சொன்னது இது. அந்த அறையில் யாருடைய பயம் யாரிடம் போனது என்று யோசியுங்கள். சட்டம் மாறிய கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

கேட்கத் தொடங்க, பெர்னிஸ் ஜான்சன் ரீகன் தொகுத்து 1980இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட சுதந்திரப் பாடல்களைத் தேடுங்கள். போராட்டத்துக்காகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டவர், ஜார்ஜியாவின் ஆல்பனி நகரச் சிறைக்குள் பாடியவர் அவர். சபைக் கூட்டங்களிலேயே பதிவான பாடல்கள் அதில் உண்டு. சுருதி விலகும், குழந்தை அழும், யாராவது இருமுவார்கள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுச் சேர்ந்து பாடிப் பாருங்கள் தம்பி.