ஊசியும் நூலும்: கடல் நாளை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வந்து, கால்மெஷினில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது என் நெடுநாள் பழக்கம். மெல்பர்னில் இருக்கும் மகள் இதைத்தான் வெள்ளைக்காரர்கள் குவில்ட் என்கிறார்கள் என்றும், குவில்ட் தைப்பவர்களுக்கென்றே ஒரு கப்பல் பயணம் இருக்கிறது, சிட்னியில் ஏறி நியூசிலாந்து போய்த் திரும்பலாம், அதில் என்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொல்கிறாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? ஆடும் கப்பலில் தைக்க முடியுமா? நான் சைவம், ஆங்கிலமும் அரைகுறை. எல்லாவற்றையும் கண்ணளவில் தைக்கும் என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்க மாட்டார்களா? இவ்வளவு பணம் போட்டுப் போவது தகுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட பயணங்களில் பெரும்பாலும் கப்பல் முழுவதும் தையல்காரர்களாக இருப்பதில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் வழக்கமான சுற்றுலாக் கப்பலில் சில அறைகளை மொத்தமாகப் பதிவு செய்து, கூட்ட அறை ஒன்றில் தையல் வகுப்பு நடத்துகிறார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவதால் வகுப்பு இராது. கரையைத் தொடாமல் நாள் முழுவதும் ஓடும் நாளில்தான் காலை முதல் மாலை வரை தைக்கலாம். அந்த நாளைக் கடல் நாள் என்பார்கள். ஆகவே, விளம்பரத்தில் எத்தனை ஊர்களின் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், எத்தனை கடல் நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். சியாட்டலிலிருந்து அலாஸ்கா போய்வரும் 7 இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று கடல் நாள்களே வரும். உங்கள் மகள் பார்த்திருக்கும் வழியிலோ டாஸ்மான் கடலைக் கடக்கப் போகும்போது ஏறக்குறைய இரண்டு நாள், வரும்போது இரண்டு நாள் ஆகும். தைப்பதற்காகவே போகிறவருக்கு அது நல்ல கணக்கு. ஊர் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால், இதற்குச் செலவிடும் வகுப்புக் கட்டணம் வீண்.

அதே டாஸ்மான் கடல் சில சமயம் நன்றாக ஆட்டவும் செய்யும். ஆனால் மேசையும் மெஷினும் நீங்களும் ஒன்றாகவே ஆடுவதால் தையல் கோணாது, கோளாறு கண்ணில்தான். ஊசிமுனையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியாகத் தொடுவானத்தைப் பாருங்கள். அறை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கடல் மயக்க மாத்திரை வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

மெஷினைச் சுமக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் மெஷின்களைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். ஆளுக்கு ஒன்றா, இருவருக்கு ஒன்றா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேர் ஒரு மெஷினுக்குக் காத்திருந்தால் நான்கு கடல் நாள் இரண்டாகிவிடும். எல்லாமே மின்சார மெஷின்கள். முப்பது ஆண்டு மிதித்துப் பழகிய கால் சும்மா இருக்காது. அந்தச் சிறிய மிதியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும், மெஷின் விட்டு விட்டுப் பாயும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே யாரிடமாவது மின்சார மெஷினை இரவல் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. முதல் பயணத்தில் என் தையல் கத்தரிக்கோலைக் கைப்பையில் வைத்திருந்தேன். கப்பலேறும் இடத்துச் சோதனையில் அதை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டைக் கொடுத்து, இறங்கும் நாளில்தான் திருப்பித் தந்தார்கள். அதுவரை நகவெட்டியால் நூல் அறுத்தேன். அலகு 4 அங்குலத்துக்கு மேல் இருக்கும் கத்தரிக்கோலைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை. வட்டமாகச் சுழன்று துணி வெட்டும் ரோட்டரி கட்டரை விமானத்தில் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். பெரிய பெட்டிக்குள் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை அறையில் வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் என்ற அச்சந்தான் காரணம். வகுப்பறையில் இஸ்திரி மேசை இருக்கும்.

இனித் தையலுக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையிலேயே இடறப்போவது ஆங்கிலம் அன்று, கால் அங்குலந்தான். ரவிக்கை தைக்கும் நாம் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது உள்ளே விட்டுத் தைப்போம். பிள்ளை பெற்று உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே. குவில்ட்டில் பிரித்துவிடும் பேச்சே கிடையாது. எல்லா இடத்திலும் கால் அங்குலம் மட்டுமே பிடித்துத் தைக்கிறார்கள். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பதை மூன்று வரிசையாகச் சேர்த்தால் வரும் கட்டம், ஓரத்துணியோடு சரியாக ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். நீங்கள் கால் அங்குலத்தோடு அரை நூல், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம், கூடுதலாகப் பிடித்தீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத்துத் துணியையும் தின்பதால், ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும். கட்டத்துக்குள் குறுக்கே இரண்டு தையல், ஆகவே கால் அங்குலம் குறையும். அப்படிப் பத்துக் கட்டங்களை ஒரு வரிசையில் சேர்த்தால் இரண்டரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். பக்கத்தில் வைக்க வெட்டிய பார்டர் துணி நீண்டு நிற்கும். அதை இழுத்து அடைத்தால் போர்வை அலை அலையாகச் சுருங்கும். கண்ணளவு இங்கே ஏமாற்றும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. குறைந்தால் அதிகமாகப் பிடித்திருக்கிறீர்கள். மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து அளந்து ஒரு பட்டை டேப்பை ஒட்டிவிட்டு, துணியின் விளிம்பு அதை உரசியபடியே போகுமாறு தைத்துப் பழகுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் வகுப்பில் ஆசிரியர் பேசுவது பாதி புரியாவிட்டாலும் கவலையில்லை, அவருடைய விரலைப் பார்த்தே தைத்துவிடுவீர்கள்.

கண்ணளவில் தைப்பதற்காகச் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்காளத்துக் காந்தாவும், மராட்டியத்துக் கோதடியும், கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கும் கவந்தியும், பழஞ்சேலையையும் துண்டுத்துணியையும் கொண்டு கையால் தைக்கப்படுபவை. மேல்நாட்டுக் குவில்ட்காரர்கள் அவற்றை ஆசையோடு கற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் தைத்ததில் பழைய போர்வை ஒன்றைப் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு துண்டும் யாருடைய பாவாடை, யாருடைய சட்டை என்று சொல்வதற்கு உங்களுடைய அரைகுறை ஆங்கிலமே போதும்.

மற்றவை சுருக்கமாக. சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். பெரிய கப்பல்களில் முன்கூட்டிச் சொன்னால் இந்தியச் சைவ உணவு தருகிறார்கள். ஊறுகாய்ப் புட்டியையும் பருப்புப் பொடியையும் எடுத்துப் போனால் நியூசிலாந்தில் மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும், தவறினால் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம். மலேசியக் கடப்பிதழுக்கு ஆஸ்திரேலியாவின் ஈ.டி.ஏ., நியூசிலாந்தின் என்.இசட்.ஈ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதி இரண்டையும் கைப்பேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். விலையைப் பார்க்கும்போது கப்பல் கட்டணம் வேறு, வகுப்புக் கட்டணம் வேறு, துணிப்பொதிக்கான பணம் வேறு, கப்பல் பணியாளர்களுக்காக நாள்தோறும் கணக்கில் ஏறும் அன்பளிப்புத் தொகை வேறு என்பதை மகளுக்கு நினைவூட்டுங்கள். அறை விலை இருவர் தங்குவதாக வைத்துச் சொல்லப்படுவது. தனியாகத் தங்கினால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணமே ஆகலாம். மகளும் உடன் வந்தால் அந்தக் கவலையும் தீரும்.

கேள்வி: என் மனைவி இப்படி ஒரு பயணத்துக்கு என்னையும் கூப்பிடுகிறாள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. நான் போய் என்ன செய்வது?
– வாசகர், பீடோர்

பதில்: தைக்காத துணைவர்கள் இந்தப் பயணங்களில் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் வகுப்புக் கட்டணம் கட்டுவதில்லை, கப்பல் கட்டணம் மட்டுந்தான். கடல் நாளில் அம்மையார் காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் போனால் சாப்பாட்டு வேளைக்குத்தான் கண்ணில் படுவார். அதைத் தாங்க முடியும் என்றால் போய்வாருங்கள் ஐயா. திரும்பும்போது துணிப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா?

கேள்வி: எங்கள் தாமானில் பத்துப் பெண்கள் சேர்ந்து துண்டுத்துணி தைக்கிறோம். வெளிநாடு போக வசதியில்லை. நாங்களே சின்னதாக ஒரு கப்பல் பயணம் போட முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும், மெஷினை மறந்துவிட்டால். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் சில பினாங்கையும் கிள்ளான் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கின்றன. கடல் நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். கூட்ட அறைக்கு வாடகை கேட்பார்கள். பத்துப் பேருக்கு அது தேவையில்லை, மேல்தளத்தில் ஓரமான இரண்டு மேசை போதும்.

தைப்பதற்கு அறுகோணத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் ஓர் அங்குலம் உள்ள அறுகோணங்களைக் கெட்டித் தாளில் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் கால் அங்குலம் அதிகமாக வெட்டிய துணியை மடித்து, முதலில் பெருந்தையலாக ஓட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, மடிப்பின் விளிம்பை மட்டும் நுனி ஊசியால் கோத்துச் சேர்க்க வேண்டும். ஊசி, நூல், சிறு கத்தரி மூன்றுமே இதற்குக் கருவி. பாத்திக் துணியும் பழைய காட்டன் சேலையும் ஏற்றவை, சாயம் போகிறதா என்று மட்டும் முன்பே அலசிப் பாருங்கள். பட்டு வழுக்கும், வேண்டாம். சேர்க்கும்போது ஊசி தாளைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அறுகோணத்தின் ஆறு பக்கத்திலும் அண்டைத் துண்டுகள் சேர்ந்த பிறகுதான் அதன் தாளை உருவ வேண்டும். அவசரப்பட்டு முன்பே உருவினால் துணி தளர்ந்து மூலைகள் ஒன்றோடொன்று சேராது.