மஞ்சள் கடுதாசி கொடுக்க வீட்டில் எத்தனை தலை?

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் மாதம் 600 டாலர் தந்து ஒரு அறையில் தங்கியிருக்கும் மச்சான். ஊரில் வயதான அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். மருத்துவமனை பில்லும் கிரெடிட் கார்டும் கழுத்தை நெரிக்கின்றன. திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயத்தில் மனு போட்டால் கடன் தள்ளுபடியாகும் என்கிறார்கள். அந்த மனுவில் எல்லோரையும் சேர்த்துக் குடும்பத்தில் ஏழு பேர் என்று எழுதச் சொல்கிறார் நண்பர். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் கணக்கு நான்கு.

நண்பர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. 2005இல் சட்டத்தை இறுக்கியதிலிருந்து, மனுப் போடுவதற்கு முந்தைய ஆறு முழு மாத வருமானத்தின் சராசரியை எடுத்து, 12ஆல் பெருக்கி, உங்கள் மாநிலத்தில் அதே அளவு குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதி கீழே) வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் அடங்கிவிட்டால் வருமானச் சோதனையில் தேறிவிட்டீர்கள். நான்கு பேருக்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் ஆண்டுக்கு 11,100 டாலர் வரம்பு கூடுகிறது, இது 2025 ஏப்ரல் கணக்கு. மூன்று தலை கூட எழுதினால் 33,300 டாலர். ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது போல இதில் சேர்க்க முடியாது. குடும்பம் என்றால் யார் யார் என்று சட்டம் வரையறுக்கவே இல்லை, அதனால் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் கணக்கு மாறுகிறது: சிலர் அந்த வீட்டில் படுத்து எழுபவர்களை எல்லாம் எண்ணுகிறார்கள், சிலர் வரிக் கணக்கில் காட்டியவர்களை, சிலர் ஒரே பணப்பையில் வாழ்பவர்களை. உங்கள் வர்ஜீனியாவையும் உள்ளடக்கிய நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இந்தப் பணப்பைக் கணக்கையே ஏற்றது. ஐந்து பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கு மாறி மாறிப் போய்வந்த வழக்கு அது. சிலர் ஆண்டுக்கு 204 நாள், சிலர் 180 நாள் தங்கியதைப் பின்னமாகக் கூட்டி மூன்று பிள்ளைகள் என்று முடித்தார்கள். கணவன் மனைவியையும் சேர்த்து ஏழு என்று எழுதியவருக்கு ஐந்துதான் கிடைத்தது. நாள் கணக்குப் பார்க்கும் இடத்தில் மச்சானை நுழைப்பது நடக்காது. அவர் சம்பளம் அவர் கையில், செலவும் அவர் கையில், உங்களுக்கு வருவது அந்த 600 மட்டும். அதையும் வருமானத்தில் காட்ட வேண்டும். மனைவி சம்பாதித்தால், மனுவில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழும்வரை அந்தச் சம்பளமும் இந்தக் கணக்கில் வரும்.

பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்தே கையெழுத்துப் போடும் படிவம் இது. கடனோடு வழக்கும் சேர வேண்டாம்.

சரி, நான்கு பேர் வரம்பைத் தாண்டிவிட்டால்? கதவு மூடிவிடாது. இரண்டாவது படிவத்தில் செலவுகளைக் கழிக்கலாம். முதுமையாலோ நோயாலோ தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோருக்கு நீங்கள் தொடர்ந்து செய்யும் நியாயமான செலவுக்கு அங்கே இடம் இருக்கிறது. உங்கள் அம்மா அப்பா வர வேண்டியது அங்கேதான், தலை எண்ணிக்கையில் இல்லை. அதிலும் தேறாவிட்டால் அதே சட்டத்தின் 13ஆம் அத்தியாயம், கடனை மூன்று முதல் ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டும் வழி. திவால் வழக்கு மட்டுமே பார்க்கும் வக்கீலைப் பிடியுங்கள், போகும்போது ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.