அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியுமா?

கேள்வி: பூந்தொட்டியின் அடியில் இரண்டங்குல உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பி, மேலே மண் நிரப்பினேன். கல் இடுக்குகள் பெரியவை, நீர் விறுவிறுவென்று இறங்கிவிடும் என்று நம்பினேன். வேர் அழுகிவிட்டது. ஏன்?

பதில்: இடுக்குகள் பெரிதாக இருப்பதுதான் வில்லங்கமே. மண்ணின் நுண்துளைச் சுவர்களில் நீர் ஒட்டிக்கொள்கிறது. பரப்பு இழுவிசை அதை விடாமல் பிடித்திருக்கிறது. துளை குறுகக் குறுகப் பிடி இறுகும். சுத்தமான கண்ணாடிக் குழாயின் உள் ஆரம் 1 மி.மீ. என்றால் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் 15 செ.மீ. மேலே ஏற்றுகிற அதே விசைதான் கீழே இறங்கவும் விடுவதில்லை.

மண்ணைத் தாண்டிக் கல்லின் விளிம்புக்கு வந்த நீர், அங்கே சிறு முத்தாகப் பிதுங்கி நிற்கும், விழாது. மேலே சேரும் நீரின் எடை அந்தப் பிடியை மீறும்போதுதான் ஒழுகத் தொடங்கும். அதுவும் சீராக அல்ல. எங்கே துளை சற்றுப் பெரிதோ அங்கே மட்டும். ஒழுகி ஓய்ந்த பிறகும் எல்லைக்கு மேலுள்ள மண் ஊறியே கிடக்கும். கல் இல்லாத தொட்டியிலும் இந்தச் சேற்றுப்பட்டை உண்டு, ஆனால் அடியோடு அடியாக இருக்கும். நீங்கள் அதை இரண்டங்குலம் உயர்த்தி வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

நம்பிக்கை வரவில்லையா? பாத்திரம் துலக்கும் செவ்வக ஸ்பாஞ்சை நீரில் நனைத்து, பிழியாமல் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும்! ஸ்பாஞ்சும் அதே, நீரும் அதே. துளைகளால் தாங்க முடிகிற நீரின் உயரம் மட்டும் மாறாதது. நிமிர்த்தியதும் அதற்கு மேற்பட்டது இறங்கிவிடுகிறது. ஆகவே தொட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. மண் கலவையை அடிவரை ஒரே மாதிரி நிரப்புங்கள். மண் கொட்டாமலிருக்க ஓட்டையின் மேல் ஒரு வலைத்துண்டு போதும். "எங்கள் தாத்தா காலத்திலிருந்து கல்தான் போடுகிறோம்" என்று கடிதம் எழுதப்போகிறவர்கள் முதலில் ஸ்பாஞ்சை நிமிர்த்திவிட்டு எழுதலாம்.

கேள்வி: அப்படியானால் வீட்டுத் தரைக்கடியில் ஜல்லி பரப்புவதும் வீண்தானா?

பதில்: இல்லை. அங்கே இதே குணம் நமக்குச் சாதகம். கீழ்மண்ணிலிருந்து நுண்துளை வழியே ஏறிவரும் ஈரம், ஜல்லியின் அகன்ற இடுக்குகளைத் தாவ முடியாமல் நின்றுவிடுகிறது. குப்பைமேடுகளை மூடும்போதுகூட நுண்மணலுக்குக் கீழே ஜல்லியைச் சரிவாகப் பரப்புவது உண்டு. மழைநீர் குப்பைக்குள் இறங்காமல் மணலுக்குள்ளேயே பக்கவாட்டில் வழிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தூளோடு சேர்ந்த ஜல்லி வேண்டாம். தூள் இடுக்குகளை நிரப்பிவிட்டால் ஈரம் ஏறுவதற்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். சலித்த ஜல்லியாகக் கேட்டு வாங்குங்கள்.