தொடை வழியாக இதயத்துக்கு

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு இதய மேலறைச் சுவரில் ஓட்டை. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகவே அடைத்துவிடலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: முறையை நம்பலாம், அம்மா, 1970-களிலேயே தொடங்கியது. தொடைச் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, நிக்கல்-டைட்டானியக் கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டை ஓட்டையின் இருபுறமும் விரிப்போம். சுமார் ஆறு மாதத்தில் அதன்மேல் திசு படர்ந்துவிடும். ஆனால் தட்டு பிடித்து நிற்க, சுற்றிலும் போதிய விளிம்பு வேண்டும். எக்கோவில் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) நான் முதலில் தேடுவது அதைத்தான். இல்லையென்றால் அறுவைதான், அதையும் பல குழந்தைகளுக்கு வலது அக்குளருகே சிறு கீறலில் முடிக்கலாம். (தழும்பைப் பற்றிப் பாட்டிகளே அதிகம் விசாரிக்கிறார்கள்!) கவரிங் தோடு போட்டால் மகளுக்குக் காது அரிக்குமா? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.