ஆப்கானை விட்டு சோவியத் படை வெளியேறிய கதை: கேள்வி பதில்

1979 டிசம்பரில் நுழைந்த படையை மாஸ்கோ எப்படி, எப்போது, என்ன கணக்குப் போட்டு வெளியே எடுத்தது என்பது பற்றிக் கேளுங்கள். ஆயுத விவரங்கள் என் துறை இல்லை. ஒரே வேண்டுகோள், கேட்பதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தேதி பார்க்காததால் வருவது.

வரலாற்று மாணவி: கோர்பசேவ் 1985 மார்ச்சில் சோவியத் தலைவராகப் பதவிக்கு வந்தார். கடைசிப் படை வெளியேறியது 1989 பிப்ரவரி 15. ஏன் சார் இவ்வளவு தாமதம்?

நல்ல கேள்வி, இதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியேற வேண்டும் என்று அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். 1985 அக்டோபரிலேயே ஆப்கான் தலைவர் பாப்ரக் கர்மாலிடம், அடுத்த கோடைக்குள் சொந்தக் காலில் நிற்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதே மாதம் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவில், மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் எழுதிய கடிதங்களை வாசித்துக் காட்டினார். 1986 மே மாதம் கர்மாலை இறக்கிவிட்டு நஜிபுல்லாவைக் கொண்டுவந்தார்கள். அந்த நவம்பர் 13ஆம் தேதிக் கூட்டத்தில் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கோர்பசேவ் சொல்கிறார். நம் சிப்பாய் கால் படாத இடமே அங்கே இல்லை, ஆனாலும் பெரும்பகுதி எதிரிகள் கையில்தான் இருக்கிறது என்று தளபதி அக்ரோமேயெவ் அதே கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

ஆனால் தோற்று ஓடியது போலத் தெரியக்கூடாது. இந்தியா என்ன நினைக்கும், ஆப்பிரிக்க நாடுகள் என்ன நினைக்கும் என்ற கவலை 1987 பொலிட்பீரோ குறிப்புகளிலேயே இருக்கிறது. அதோடு, சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட ஆப்கான் கிளர்ச்சியாளர்களான முஜாஹிதீன்களுக்கு அமெரிக்காவும் பாகிஸ்தானும் கொடுக்கும் ஆயுதம் நிற்க வேண்டும், காபூலில் நட்பான அரசு மிஞ்ச வேண்டும் என்றும் காத்திருந்தார்கள். சரி, ஆயுதம் நின்றதா? 1988 ஏப்ரல் 14ல் படை விலகலுக்கான ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நீங்கள் காபூலுக்குக் கொடுக்கும்வரை நாங்களும் கொடுப்போம் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. மாஸ்கோவும் அதை விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. 1986 தொடக்கத்திலிருந்து கடைசி நாள்வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் செத்தார்கள். ஆப்கானியர் எத்தனை பேர் என்று எண்ணக்கூட ஆள் இல்லை. இதே கையெழுத்தை 1986லேயே போட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

கோவை வாசகர்: ஸ்டிங்கர் ஏவுகணை வந்ததால்தானே ரஷ்யர்கள் ஓடினார்கள்?

இல்லை. ஸ்டிங்கர், அதாவது தோளில் வைத்து விமானத்தைச் சுடும் அமெரிக்க ஏவுகணை, அங்கே முதலில் சுட்டது 1986 செப்டம்பரில். கர்மாலிடம் பேசியது 1985 அக்டோபரில். தேதியைப் பாருங்கள்.

மதுரைக்காரன்: ஐயா, ஜெனீவா ஒப்பந்தத்தில் முஜாஹிதீன்கள் கையெழுத்துப் போட்டார்களா?

இல்லை. காபூல் அரசும் பாகிஸ்தானும் போட்டன, அமெரிக்காவும் சோவியத்தும் உத்தரவாதம் கொடுத்தன. சண்டை போடுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட ஒப்பந்தம், அதனால் சண்டை நிற்கவில்லை.

கோவை வாசகர்: நீங்களே நவம்பர் 1986 கூட்டத்தைச் சொல்கிறீர்கள். அது செப்டம்பருக்குப் பின்தானே? கெடு வைத்ததே ஸ்டிங்கருக்குப் பயந்துதான் என்று ஏன் சொல்லக்கூடாது?

சரி, விரிவாகவே சொல்கிறேன். ஸ்டிங்கருக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. விமானங்கள் உயரத்தில் பறக்க வேண்டியதாயிற்று, குண்டு குறி தவறியது, ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் இரவில் பறக்கத் தொடங்கினார்கள். அது போர்முனையில் நடந்த மாற்றம். அந்த நவம்பர் கூட்டத்தில் பேசப்பட்டதோ எல்லையை அடைக்க முடியவில்லை, பிடித்த கிராமத்தை ஆள முடியவில்லை, காபூல் கட்சிக்குள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்பவை. இன்னொன்றும் பாருங்கள். சோவியத் உயிரிழப்பு உச்சத்துக்குப் போனது 1984ல், ஸ்டிங்கர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு. ஓர் ஆயுதத்தால் ஒரு பேரரசு பணிந்தது என்று சொல்வது அந்த ஆயுதத்தைக் கொடுத்தவர்களுக்கு வசதியான கதை. அதை நம்பினால், அடுத்த போருக்கும் ஆயுதம் அனுப்பினால் போதும் என்று தோன்றிவிடும்.

திருச்சி ரவுண்டானா: அண்ணா, இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை திரும்பியதும் இதே மாதிரிதானே?

இல்லை. அங்கே பிரேமதாசா அரசே போகச் சொன்னது. இங்கே காபூல் அரசு போகாதீர்கள் என்று கெஞ்சியது. அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

நெல்லை வாசகி: நஜிபுல்லா மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். அஷ்ரஃப் கனி அரசு அமெரிக்கப் படை முழுதாகக் கிளம்பும் முன்பே 2021 ஆகஸ்ட் 15ல் விழுந்துவிட்டதே, ஏன்?

படை போன நாளைப் பார்க்காதீர்கள், வரத்து நின்ற நாளைப் பாருங்கள் என்று எப்போதும் சொல்வேன். சோவியத் படை போன பிறகும் காபூலுக்கு விமானத்தில் ஆயுதமும் மாவும் எரிபொருளும் வந்துகொண்டே இருந்தன, ஸ்கட் ஏவுகணைகளும் வந்தன. 1989 மார்ச்சில் ஜலாலாபாதை முற்றுகையிட்ட முஜாஹிதீன்கள் தோற்றுப்போனார்கள். ஒரு மாதத்தில் காபூல் விழும் என்று வாஷிங்டனில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அப்புறம் 1991 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத்தும் இரு பக்கமும் ஆயுதத்தை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன, 1992 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நஜிபுல்லாவுக்கு ஆதரவாக இருந்த படைத்தலைவர் தோஸ்தம் கட்சி மாறினார், ஏப்ரலில் ஆட்சி போயிற்று. கூலி கொடுக்க முடியாத அரசுக்கு யார் துப்பாக்கி தூக்குவார்கள்?

2021ல் படையோடு சேர்த்து, ஆப்கான் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தப் பணியாளர்களும் கிளம்பினார்கள். வான் ஆதரவை நம்பியே பழக்கிய ராணுவத்திடமிருந்து அதையே எடுத்துவிட்டார்கள். இதற்கு முன் தோஹாவில் 2020 பிப்ரவரி 29ல் அமெரிக்காவும் தாலிபானும் போட்ட ஒப்பந்தத்தில் காபூல் அரசுக்கு இடமே இல்லை. ஜெனீவாவில் எதிரிகள் வெளியே நின்றார்கள், தோஹாவில் நண்பர்கள் வெளியே நின்றார்கள்.

சேலம் புதியவர்: ஸ்டிங்கர் ஏவுகணை பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

ஈரோட்டு நண்பர்: இந்தப் போரால்தான் சோவியத் யூனியன் உடைந்ததா?

ஒரு காரணம், முதல் காரணம் இல்லை. பொருளாதாரமும் குடியரசுகளின் தேசிய எழுச்சியும் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

வரலாற்று மாணவி: வெளியேற்றமாவது அமைதியாக நடந்ததா சார்?

இல்லை அம்மா. கடைசி மூன்று வாரத்தில்தான் எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் நடந்தது. காபூலுக்கு வடக்கே சாலங் கணவாய்ப் பாதையில் முஜாஹிதீன் தளபதி அகமத் ஷா மசூதின் ஆட்களோடு எழுதப்படாத ஒரு சமாதானம் இருந்தது, படை பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. போகும் முன் மசூதை அடித்துவிட்டுப் போங்கள் என்று நஜிபுல்லா வற்புறுத்தினார், வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே அவர் பக்கம் நின்றார். களத்தில் இருந்த தளபதிகளுக்கே இதில் விருப்பமில்லை. 1989 ஜனவரி 23 முதல் மூன்று நாள் அந்தப் பாதையோரக் கிராமங்கள்மீது குண்டும் பீரங்கியும் பொழிந்தன. பனிக்காலம், வீடு போனவர்களுக்குப் போக்கிடம் இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் ஊர் மக்கள். மசூதின் படை அப்படியே இருந்தது.

மதுரைக்காரன்: யாராவது பொறுப்பேற்றார்களா?

1989 டிசம்பரில் சோவியத் நாடாளுமன்றமான மக்கள் பிரதிநிதிகள் பேரவை, 1979ல் படை அனுப்பிய முடிவு அரசியல்ரீதியாகவும் தார்மீகரீதியாகவும் கண்டிக்கத்தக்கது என்று தீர்மானம் போட்டது. அந்த முடிவெடுத்தவர்கள் என்று பெயர் சொன்ன நால்வர், பிரெஷ்னேவ், ஆந்த்ரோபோவ், உஸ்தினோவ், குரோமிகோ, அதற்குள் இறந்துவிட்டார்கள். வெளியேற முடிவெடுத்த பிறகும் மூன்று வருடம் இழுத்தவர்கள் உயிரோடும் பதவியோடும் இருந்தார்கள், அவர்கள்மீது நடவடிக்கை எதுவும் இல்லை.